சிவப்பு நூல் கட்டிய குடை

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். தனபாலன் சாரின் மகள் என்று வாசலிலேயே சொன்னீர்கள். சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். நெற்றி அவருடையது. மூக்கு உங்கள் தாயாருடையதாக இருக்க வேண்டும்.

அவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். மொத்தம் நான்கு வரி. ஒரு காலத்தில் ஸ்லோ ராக் பாட்டொன்றால் புகழ்பெற்ற பாடகர் என்று தொடங்கி, பிறந்த ஊரைத் தைப்பிங் என்று போட்டு முடித்திருந்தார்கள். அவர் பிறந்தது பாகான் செராயில். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினேன். வெளியிடவில்லை.

நீங்கள் வந்த காரணம் புரிகிறது. தந்தைக்கு நினைவு மலர் போடுகிறீர்கள். அப்படிப் பாடிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று நிறுத்தினார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிட்டார்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அஞ்சலட்டைகள் இருந்தன, எல்லாவற்றிலும் பால்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற விலாசம். அதைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். சரியான இடத்துக்கே வந்தீர்கள். ஆனால் நான் வரிசையாகத்தான் சொல்வேன். முப்பத்து மூன்று ஆண்டு வகுப்பில் பேசிய வாய் இது. இடையில் கேள்வி கேட்டால் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

எனக்கும் உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மலரில் அந்தப் பாட்டை அச்சிடுவீர்கள் அல்லவா, அதன் அடியில் ஒரே ஒரு வரி. இந்தப் பாடல் இன்னாருக்காக எழுதப்பட்டது என்று. வி. தையல்நாயகி. இனிஷியல் முக்கியம்.

அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்பதற்கு நாட்டில் மூன்று கதைகள் உலவுகின்றன. ஈப்போவில் கேட்டால், ரயிலில் அடிபட்டுப் போன மாமன் மகள் என்பார்கள். பினாங்கில், அவரை விட்டுப் போன ஒரு சீனத்து நர்ஸ் என்பார்கள். இரண்டும் பின்னால் கட்டப்பட்டவை. ஈப்போக் கதையில் ரயில் வருகிறது. பாட்டில் ரயிலே இல்லை. நர்ஸ் கதையைச் சொன்னவர் அதைத் தம் மைத்துனரிடம் கேட்டவர். மைத்துனரோ முடிதிருத்தும் கடையில் கேட்டவர். நான் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது கதைதான் நடந்தது. அது நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

பாட்டின் முதல் நான்கு வரிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உன் குடை இன்னும் என் வாசலில்,
சிவப்பு நூல் கட்டிய கம்பியோடு.
நீ மட்டும் மழையோடு போனாய்,
நான் மட்டும் கதவோடு நின்றேன்.

இது இசைத்தட்டில் உள்ள வடிவம். மேடையில் அவர் இதை இப்படியே பாடியதில்லை. கோலக்கங்சாரில் 'என் வாசலில்' என்பதை 'என் ஆணியில்' என்று பாடினார். கிள்ளானில் மூன்றாம் வரியும் நான்காம் வரியும் இடம் மாறின. சித்தியவானில் 'கதவோடு' போய் 'கையோடு' வந்தது. ஒன்பது மேடைகளில் நானே நேரில் உட்கார்ந்து குறித்திருக்கிறேன், இரண்டு ஒலிநாடாக்களில் கேட்டுக் குறித்தது தனி. ஒன்பதிலும் மாறாத வரி ஒன்றே ஒன்று. சிவப்பு நூல் வரி. வாயால் பாடப்படுகிற எதிலும் மற்றவை அலையும், ஒன்று மட்டும் அசையாது. அசையாத இடத்தில்தான் பாடியவரின் உண்மை இருக்கும். இது என் வாழ்நாள் அனுபவம்.

அந்தச் சிவப்பு நூல் என் சேலைக் கரை.

சிரிக்காதீர்கள். கேளுங்கள். உங்கள் தந்தை அப்போது பால்மோர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். கட்டுப் போடுவார், ஊசி போடுவார், பிரசவம் தவிர எல்லாம் அவர் கையில்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் வாசிப்பார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. காலில் ஆணி குத்தி, மூன்று நாள் கட்டு மாற்றப் போனேன். மூன்று நாளும் பேசினோம். முதல் நாள், வலிக்கிறதா என்றார். இரண்டாம் நாள், டெட்டனஸ் ஊசி முன்பு போட்டிருக்கிறீர்களா என்றார். மூன்றாம் நாள் மழை விட்டிருந்ததால் குடையை மறந்து வந்துவிட்டேன். அன்று நான் உடுத்தியிருந்தது சிவப்புக் கரை போட்ட கைத்தறி.

மறுநாளே ஆஸ்பத்திரிப் பணியாள் முத்துவேலு குடையைக் கொண்டுவந்து பள்ளியில் கொடுத்தான். "டிரெசரய்யா குடுத்து விட்டாரு டீச்சர். யாரு குடை, யாரு குடைன்னு லயம் பூரா கேட்டுட்டு, கடைசியிலதான் உங்களுதுன்னு தெரிஞ்சுது" என்றான். தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார், பாருங்கள். ஒரு குடைக்காக அப்படி எவன் அலைவான்? குடைதான் திரும்பி வந்துவிட்டதே, பிறகு எப்படி 'உன் குடை இன்னும் என் வாசலில்' என்று எழுதுவார் என்று நீங்கள் கேட்கலாம். தலைமையாசிரியர் சிற்றம்பலம் ஐயாவும் அதைத்தான் கேட்டார். பாட்டு எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. மனத்தில் வைத்துக்கொண்டதை வாசலில் என்று எழுதினார்.

அதே ஆண்டுக் கடைசியில் பாட்டு வெளிவந்தது. கேட்டிருப்பீர்கள், ஒற்றைக் கிட்டார், ஒவ்வொரு நரம்பாகத் தட்டி, நடுவில் ஆர்கன் சேரும். அவர் குரலில் அழுகை இராது. அழுது முடித்தவன் பேசுவதுபோல் இருக்கும். புத்தாண்டில் டிரெசர் வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைத்தான் பாட்டில் சொல்லிவிட்டாரே.

அப்போது வானொலியில் நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சி இருந்தது. வார நாளில் காலை பதினொரு மணிக்கு. எந்தப் பாட்டுக்கு அஞ்சலட்டைகள் அதிகம் வருகின்றனவோ அதுதான் அந்த வாரத்தின் முதல் பாட்டு. தொடக்கத்தில் அந்தப் பாட்டை யாரும் கேட்கவில்லை. ஆடுகிற பாட்டுக்கே அட்டைகள் குவிந்தன. எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் கையில் ஐந்தாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாடத்திட்டத்தில் கடிதம் எழுதுதல் என்று ஒரு பகுதி உண்டு. கற்பனைக் கடிதம் எழுதி நோட்டில் மூடி வைப்பதைவிட, நிஜமாக ஒருவருக்கு எழுதி அனுப்பினால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் அல்லவா? கரும்பலகையில் நானே எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளை. முப்பத்தெட்டு அட்டைகள். முப்பத்தொரு வாரம்.

நான்காம் வாரம் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. முதலிடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் மற்ற ஊர்க்காரர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பத்திரிகை எழுதியது. கல்யாண வீடுகளில் வாசித்தார்கள். உங்கள் தந்தையின் புகழ் எங்கே தொடங்கியது என்று மலரில் எழுதுவீர்களானால், ஐந்தாம் வகுப்பில் தொடங்கியது என்று எழுதுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு எழுதினார்கள், ஒருத்தியைத் தவிர. பூங்காவனம் என்று ஒரு பெண். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுக்குத்தான். மற்றவர்களின் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருத்திய பிறகே தபாலில் சேர்ப்பேன். அவளுடையதை மட்டும் பார்க்கவே மாட்டேன், பிழை இராது. அப்படிப்பட்டவள் இரண்டாம் தவணைப் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுத மாட்டேனாம். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. முந்தின ஆண்டு அவள் தம்பி வாந்திபேதியில் இறந்திருந்தான், உண்மை. நான்காம் வகுப்பிலும் அவள் என்னிடம்தான், வருகைப் பதிவேட்டில் மூன்று நாள் விடுப்பு, தம்பி மரணம் என்று நானே எழுதியிருக்கிறேன். ஆனால் துக்கம் நடந்து ஓராண்டு ஆகிவிட்டது. அதையே எத்தனை காலம் சாக்காக வைத்துக்கொள்வது? பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். மணி அடிக்கிற வரைக்கும் நின்றாள். அடுத்த வாரமும் நின்றாள். மூன்றாம் வாரம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். பிள்ளைகளிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது அம்மா. விட்டுக்கொடுத்தால் வகுப்பு நம் கையில் நிற்காது.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான இடம். ஜூன் மாதம் உங்கள் தாயாரை மணந்தார். செய்தியை முத்துவேலுதான் வந்து சொன்னான். எனக்கும் வரன்கள் வந்தன, வராமல் இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். திருமணத்துக்குப் பின் அவர் பன்னிரண்டு பாட்டுகளுடன் ஒரு புதிய ஒலிநாடா வெளியிட்டார். 'புது வீட்டு ஜன்னல்' என்று ஒரு பாட்டு. ஒரு குழந்தைத் தொட்டிலைப் பற்றி ஒன்று. நல்ல பாட்டுகள்தாம். நான் நியாயமாகப் பேசுகிறவள். சில, முதல் பாட்டைவிட நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றில் அவர் இல்லை. தம்மை மறைத்துக்கொண்டு பாடியிருந்தார்.

ஆகவே கரும்பலகையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். புதிய பாடல்களைவிடப் பழைய பாடலையே நாங்கள் பெரிதும் விரும்புகிறோம் என்று. அவ்வளவே. அவர் நன்மைக்காகத்தான். அந்த வாக்கியத்தை வானொலியில் அறிவிப்பாளர் படித்தாராம், பிஞ்சு உள்ளங்களின் தீர்ப்பு என்று சொல்லி. மேடைகளிலும் மக்கள் அதையே கேட்டார்கள். புதுப் பாட்டைத் தொடங்கினால் குடை, குடை என்று கூச்சல். சித்தியவானில் ஒரே இரவில் நான்கு முறை பாட வைத்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். நான்காம் முறை பாடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எவ்வளவு உருக்கம். அடுத்த ஒலிநாடாவுக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே பாட்டைப் போல இன்னும் பத்து கொண்டு வா என்றார்களாம்.

அந்த நவம்பரில்தான் அவர் பள்ளிக்கு வந்தார்.

வானொலி நிலையத்தில் அட்டைகளைச் சாக்கில் கட்டி அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விலாசம். தாம் வேலை பார்த்த தோட்டம். அவருக்குப் பெரிய வியப்பு. சிற்றம்பலம் ஐயாவுக்குக் கடிதம் எழுதினார், என்னை இவ்வளவு நேசிக்கும் பிள்ளைகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. பரிசளிப்பு விழாவுக்கு அழைத்தோம். காலை பத்து மணிக்குக் கிட்டாரும் கையுமாகத் தனியாக வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை. கொஞ்சம் மெலிந்திருந்தார். "நல்லா இருக்கீங்களா டீச்சர், கால் ஆறிடுச்சா?" என்றார். முந்தின ஆண்டு ஆணி குத்திய கால். மறந்தவர் கேட்கிற கேள்வியா அது?

மேடையில் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, பிள்ளைகளுக்கு முன்னால் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுதானே, எல்லாரும் என்னோட சேர்ந்து பாடுங்க என்றார். நரம்பைத் தட்டினார். தொடக்க இசை முடிந்து பாட்டு வரும் இடம் வந்தது. ஒருவரும் பாடவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தார் போலும். சிரித்துக்கொண்டே மறுபடியும் வாசித்தார். முப்பத்தெட்டு முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வாயும் திறக்கவில்லை.

பாட்டு அவர்களுக்குத் தெரியாது அம்மா. எப்படித் தெரியும்? நிகழ்ச்சி காலை பதினொரு மணிக்கு. பிள்ளைகள் பள்ளியில், பெற்றோர் ரப்பர் பால்மரக் காட்டில். வானொலிப் பெட்டி இருந்ததே நான்கைந்து வீடுகளில்தான். பாட்டைக் கேட்பது பாடத்திட்டத்தில் இல்லை. கடிதம் எழுதுவதுதான் பாடம்.

அவர் கிட்டாரை மடியில் படுக்க வைத்தார். "அப்ப என்னத்தைக் கேட்டு எழுதுனீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். முன்வரிசையில் இருந்த பையனுக்கு அது ஒப்புவிக்கச் சொல்கிற கேள்வியாகப் பட்டிருக்கிறது. எழுந்து கைகட்டி, "பெருமதிப்பிற்குரிய அறிவிப்பாளர் அவர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினான். உடனே முப்பத்தெட்டுப் பேரும் எழுந்தார்கள். "நானும் என் குடும்பத்தினரும் விரும்பிக் கேட்கும் பாடல், தனபாலன் அவர்கள் பாடிய உன் குடை இன்னும் என் வாசலில் என்பதாகும். புதிய பாடல்களைவிடப் பழைய பாடலையே நாங்கள் பெரிதும் விரும்புகிறோம்." ஒரே குரல். ஒருவன்கூடத் தடுமாறவில்லை. 'தங்கள் உண்மையுள்ள நேயர்' என்று முடித்தபோது பெற்றோர் கைதட்டினார்கள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவரும் தட்டுவார் என்று பார்த்தேன்.

அவர் எழுந்து மூன்றாம் வரிசைக் கடைசிக்குப் போனார். அங்கேதான் பூங்காவனம். அவள் மட்டும் ஒப்புவிக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, நீயும் எழுதினியாம்மா என்று கேட்டார். அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நான் தேநீர் மேசை ஓரத்தில் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு விசாரித்தேன். சொல்லவில்லை. பிரம்பை எடுத்தும் சொல்லவில்லை.

அவர் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். தேநீர் குடிக்கவில்லை. நானே என் கையால் கலந்தது. வாசலில் என் முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, டீச்சர்." நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. யார் எனக்கு எந்த விருது கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அட்டைகளுக்குப் பின்னால் இருந்தது யார் என்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை. பிள்ளைகளுக்கு நான் கற்பித்ததை யாராவது அவருக்குக் கற்பித்திருக்கலாம்.

அதற்குப் பின் ஒரே ஒரு மேடை, ஈப்போ நகர மண்டபத்தில். நான் போயிருந்தேன். முதல் வரியைப் பாடினார். இரண்டாம் வரியில் 'சிவப்பு நூல்' என்று சொன்னவர், நிறுத்திவிட்டார். ஆர்கன்காரர் இரண்டு சுற்று வாசித்துக் காத்திருந்தார். இவர் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். தொண்டைக் கோளாறு என்று பத்திரிகை எழுதியது. கெடாவில் ஏதோ தோட்டத்தில் மறுபடியும் டிரெசராகப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என் சிவப்புக் கரையைச் சொல்ல வந்த இடத்தில்தான் குரல் உடைந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

என்ன? இல்லை, சொல்லுங்கள். நான் முடித்துவிட்டேன். இனிக் கேட்கலாம்.

அந்தக் குடை உங்கள் வீட்டில் இருக்கிறதா? இன்னமுமா? ஒடிந்த கம்பியைச் சிவப்பு நூலால் கட்டிய பழைய குடை. அவர் படுக்கைக்குப் பக்கத்து ஆணியில் கடைசிவரை தொங்கியது. சரி. யாருடையது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தியுடையதா. வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. இவர் அதைச் சொன்னதும் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடினாள், குடையை விட்டுவிட்டு. பின்னாலேயே குடையோடு ஓடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், அதுதான் அவருக்கு ஆறவில்லை. அதற்கப்புறம் அவள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. லயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் வாங்க மறுத்துவிட்டாள். இப்படியா சொன்னார்?

இது நான்காவது கதை. மகளிடம் ஒரு தகப்பன் வேறு எப்படிச் சொல்வான்? கல்யாணத்துக்கு முன் ஒரு டீச்சர் இருந்தாள் என்றா சொல்வான்? எந்தக் கதைக்கும் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும் அம்மா.

பெயரும் சொன்னாரா? அஞ்சலை. பூங்காவனத்தின் தாய்.

அஞ்சலையை எனக்குத் தெரியும். மகன் போன பிறகு பால் வெட்டப் போகாமல், தோட்ட அலுவலகக் கிராணி வீட்டில் வாசல் பெருக்கினாள். நல்ல பெண்பிள்ளை, அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் பாட்டுக்கும்...

என்ன அட்டை? டின்னில் இல்லாமல் தனியாகக் கிட்டார்ப் பெட்டிக்குள் இருந்ததா? கொடுங்கள். கண்ணாடி எங்கே வைத்தேன். இதோ.

இது அவள் எழுத்து. பார்த்தவுடன் தெரிகிறது.

"பெருமதிப்பிற்குரிய அறிவிப்பாளர் அவர்களுக்கு வணக்கம். நான் பால்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் பயில்கிறேன். என் அம்மா கிராணி ஐயா வீட்டில் வேலை செய்கிறார். அங்கே வானொலி உண்டு. உன் குடை என்ற பாடல் வந்தால் என் அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார். மழை பெய்தாலும் போகிறார். ஆகையால் அப்பாடலை இனி ஒலிபரப்ப வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள நேயர், அ. பூங்காவனம்."

இதை நான் பார்க்கவில்லை. அவளுடைய அட்டையை நான் பார்ப்பதில்லை என்று சொன்னேனே, பிழை இராது என்பதால்.

இருங்கள், இன்னொரு முறை படிக்கிறேன்.

இல்லை. பிழை இல்லை. தொடக்கம், முடிவு, பணிவு எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடியே இருக்கிறது. தேதிகூட வலப்பக்கம் மேலே. பெஞ்சிலிருந்து இறக்கி உட்கார வைத்த வாரத்துத் தேதி.

இதை மலரில் போடப் போகிறீர்களா? போடுங்கள். போடுவதானால் மாணவியின் பெயருக்குக் கீழே வகுப்பாசிரியர் பெயரையும் போட வேண்டும், அதுதான் முறை. தையல்நாயகி என்று போட்டால் போதும். இனிஷியல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.